பங்காளி ஒயர்

மஞ்சுளா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் அண்ணன் தோட்டத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு நாளில். தோட்டம் மல்லசமுத்திரம் பக்கம். பிள்ளை பெற்ற உடம்போடு வேலைக்குத் திரும்பியிருந்த அத்தாயி, குழந்தையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு மற்றப் பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் அண்ணன் மனைவி மேற்பார்வைக்கு வந்து நின்றவள், "என்ன பேருடி வெச்சிருக்கறே?" என்று கேட்டாள்.

"மஞ்சுளாங்க ஆத்தா."

"மஞ்சுளாவா? ஏண்டி, உங்க சனத்துல ஆராயி, அத்தாயின்னு வெச்சா வாய்க்குள்ள நொழையாதா?"

"பேருக்கு யாருங்க வாடகை கேக்கறாங்க? நல்லதா ஒண்ணு வெச்சேன்" என்றாள் அத்தாயி, கை காயை விடாமல்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அத்தாயி புள்ளை, அவ்வளவுதான். வளர்ந்து, படித்து, அவர்கள் ஆபீசிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகும் அத்தாயி புள்ளைதான். ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்வதற்குக்கூட மனசு வராத கூட்டம். வேறு யாரையோ சொல்லவில்லை. என் கூடப்பிறந்தவன் பெற்றதுகளைத்தான் சொல்கிறேன்.

என் அண்ணனுக்கு இரண்டு மகன்கள். எங்கள் தாத்தாவின் பெயரான சின்னண்ணன் என்பதையே மூத்தவனுக்கு வைத்தார்கள். இளையவன் தனபால். அண்ணன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற லாரித் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தான். அவனும் கை இறுக்கமானவன்தான். ஆனால் சொன்ன சொல் மாறமாட்டான். மஞ்சுளா பன்னிரண்டாவது முடித்து, டைப்பிங் பாஸ் பண்ணி, கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு வந்தபோது அவன்தான் ஆபீசில் சேர்த்தான். லாரிகள் எந்த ஊரில் ஓடுகின்றன, எத்தனை அடி போட்டார்கள், யாருக்கு என்ன கடிதம் போகவேண்டும், எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். அண்ணன் இருந்தவரை குறையில்லாமல் நடந்தது; அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் பிறந்துவிட்டாள்.

அண்ணன் செத்தான். காரியம் முடிந்த கையோடு மகன்கள் பாகம் பிரித்தார்கள். தோட்டம் பிரிந்தது, லாரிகள் பிரிந்தன, அண்ணியின் காதுத் தோடு ஆளுக்கொன்றாகப் பிரிந்தது. ஒற்றைத் தோட்டை வைத்துக்கொண்டு இவன்கள் என்ன செய்தான்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆபீஸ் ஒரே நீளமான அறை. நடுவில் பிளைவுட் பலகை அடித்து, ஆளுக்கொரு ஷட்டர் வைத்துக்கொண்டார்கள். மின்விசிறி நட்டநடுவில் தொங்கியதால் பலகையை அதற்குக் கீழேயே நிறுத்தி, இரண்டு பக்கமும் பாதிப் பாதிக் காற்று வரும்படி விட்டார்கள்.

விசிறியைப் பிரித்தாயிற்று. நெட் மிச்சம் இருந்தது.

இப்போது போல் எல்லார் கையிலும் உள்ள போனில் எல்லாம் வந்துவிடுகிற காலம் இல்லை அது. ஆபீசுக்கு ஒரே நெட் லைன், அது அண்ணன் பெயரில் இருந்தது. வெளியிலிருந்து வந்து, சின்னண்ணன் பக்கம் மஞ்சுளா உட்காரும் கம்ப்யூட்டரில் முடிந்தது. தனபால் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமென்றால் இவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகவேண்டும். இவள் கம்ப்யூட்டர் ஓடினால் அந்தப் பக்கத்துக்கும் நெட் உண்டு. இதை நிறுத்தினால் அங்கேயும் நின்றுவிடும். அதற்கு வழி சொல்ல நெட் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். அன்றைக்கு நடந்ததை, எங்கள் ஊரிலேயே குடியிருந்த மஞ்சுளா எனக்கு நடித்தே காட்டினாள்.

"சின்னப் பெட்டி ஒண்ணு வெச்சுட்டா ரெண்டு பக்கமும் தனித்தனியாப் போயிருமுங்க. இந்தக் கம்ப்யூட்டர் ஓடோணும்னே இல்லீங்க" என்றாராம் அவர்.

"பெட்டி எங்க இருக்கும்?" என்று கேட்டான் சின்னண்ணன்.

"நடுப் பலகைல ஒரு ஆணி அடிச்சு மாட்டிரலாமுங்க."

"பலகை என்றது, எனக்குச் சொந்தம். அதுல பெட்டியத் தொங்கவுட்டா பொதுவாயிரும்."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தனபால் கத்தினான். "பலகைல பாதி என்றது!"

"அப்ப உன்ற பாதியில மாட்டிக்க."

"மாட்டிக்கறேன். கரண்டு நீ குடு."

"நான் எதுக்குக் குடுக்கோணும்?"

"லைனு பொதுதானே?"

"லைனு பொது. கரண்டு என்றது."

வந்தவர் பெட்டியைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, "நீங்க பேசி முடியுங்க. நான் அப்பறமா வாரேன்" என்று போனவர் திரும்பவேயில்லை. பெட்டியின் விலை, இவன்கள் லாரி ஆள்களுக்கு ஒரு வேளைக்கு வாங்கிக் கொடுக்கும் பரோட்டா விலை இருக்குமா என்பது சந்தேகம்.

கடைசியில் பலகையில் ஓட்டை போட்டு, மஞ்சுளா கம்ப்யூட்டரிலிருந்து தனபால் கம்ப்யூட்டருக்கு ஓர் ஒயர் இழுத்தார்கள். அதிலும் சின்னண்ணனுக்கு ஒரு பயம். என் அண்ணன் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரனோடு வண்டித்தடத்துக்காகக் கோர்ட்டில் நின்றோம். பாவம் என்று வரப்பில் நடக்கவிட்டோம். நடந்து நடந்து, கடைசியில் அதுவே பாத்தியமாகி, உரிமையாகித் தடம் அவனுக்கென்று தீர்ப்பானது. அந்தச் சூடு சின்னண்ணனுக்கு மறக்கவில்லை.

"இதா பாரு, தெனம் பொழுதோட ஒயரப் புடுங்கிச் சுத்தி வெச்சுரோணும். காலைல வந்துதான் மாட்டோணும். உட்டுட்டயின்னா நாளைக்கு இதுவும் தடம்னு கோர்ட்டுக்குப் போயிருவான்" என்று மஞ்சுளாவிடம் சொல்லிவைத்தான்.

நெட் ஒயருக்குத் தடப் பாத்தியம். இதைக் கேட்டு வேறு ஊர்க்காரர்கள் யாராவது சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆக மஞ்சுளாவின் வேலை என்ன ஆனது? எழுத்து வேலை போக, ஒயர் மாட்டுகிற வேலை, ஒயர் பிடுங்குகிற வேலை, கம்ப்யூட்டர் அணையாமல் காவல் இருக்கிற வேலை. ஆளில்லாமல் அது ஓடக்கூடாது, தனபால் அதிகமாக இழுத்துவிடுவான் என்று சின்னண்ணன் உத்தரவு. அது அணையக்கூடாது, தன் வேலை கெடும் என்று தனபால் உத்தரவு. சம்பளம் கொடுப்பது மூத்தவன், ஏவுவது இரண்டு பேரும். நெட் கொஞ்சம் மெதுவாக வந்தால் போதும், ஓட்டையில் வாயை வைத்துத் தனபால் கேட்பான், "என்ன, மடைய அங்கயே திருப்பிக்கிட்டயா?"

"இதுல மடையெல்லாம் இல்லீங்கண்ணா. கம்பெனியிலேயே மெதுவாத்தானுங்க வருது."

"பொய் பேசாத. அவன் பக்கம் படம் ஓடற சத்தம் கேக்குது."

அப்போது மின்வெட்டு அதிகம். கரண்ட் போனதும் யூ.பி.எஸ். கீங் கீங்கென்று கத்தும். உடனே சின்னண்ணன், "பேட்டரி என்றது, அவன் உறிஞ்சறான், ஒயரப் புடுங்கு" என்பான். பிடுங்கினால் அந்தப் பக்கம் கெட்ட வார்த்தை. பிடுங்காவிட்டால் இந்தப் பக்கம் கெட்ட வார்த்தை.

அந்த ஆபீசில் பெண்பிள்ளைக்குக் கக்கூஸ் கிடையாது. ஒதுங்கவேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கவேண்டும். நாற்காலியை விட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் சண்டை. அதனால் மஞ்சுளா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். காலையில் வீட்டில் குடித்தால் குடித்ததுதான், அப்புறம் பொழுது சாய்ந்துதான். வெயில் காலத்திலும் அப்படியே. கடைசியில் சிறுநீரகத்தில் கல் சேர்ந்து, சுருண்டு படுத்தாள். அதற்கும் இவன்கள் ஒரு பெட்டி வாங்கி மாட்டவில்லை. "அத்தாயி புள்ளைக்கு ஒடம்பு சொகமில்லையாம், ரெண்டு பக்கமும் வேலை கெட்டுப் போச்சு" என்று சின்னண்ணன் மனைவி வசந்தாமணி எனக்குப் போனில் சொன்னாள். அவள் கவலை அது.

இன்னொரு நாள் மஞ்சுளாவின் மகளுக்குக் காய்ச்சல். சீக்கிரம் போகட்டுமா என்று கேட்டதற்குச் சின்னண்ணன், "புள்ளையப் பாக்க டாக்டரு இருக்கறாரு. நெட்டப் பாக்க யாரு இருக்கறா?" என்றான். அவள் வீட்டுக்காரன் மணிமாறன் லோடு ஆட்டோவை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான்.

இந்த நாற்காலியிலிருந்து எழுந்து போக அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதினாள். அந்தக் கம்ப்யூட்டருக்குக் காவல் இருந்த நேரத்திலேயே மேசைக்கடியில் புத்தகத்தை வைத்துப் படித்தாள். பாஸ் ஆகிவிட்டாள். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நேர்காணல், வியாழக்கிழமை என்று தகவல் வந்தது. போகாவிட்டால் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

லீவு கேட்கப் போனாள். சின்னண்ணன் வண்டிச் சாவியால் காதைக் குடைந்துகொண்டிருந்தான். அது அவன் பழக்கம். குடைந்து எடுத்துப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைப்பான்.

"ஏனுங்கண்ணா, வர்ற வியாழக்கெழமை லீவு வேணுமுங்க. சேலத்துல இண்டர்வியூங்க."

"வியாழக்கெழமையா?" என்று சாவியை நிறுத்தினான். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்ன சாமி, போயிட்டு வா. வேலை நல்லபடியாக் கெடைக்கட்டும். ஒரு நாள் எதுக்கு, வெள்ளிக்கெழமையும் சேத்தி எடுத்துக்க."

மஞ்சுளா அன்று மாலை என்னிடம் வந்து சொன்னாள். "அவுரு சாமின்னு கூப்புட்டதும் எனக்குச் சந்தேகம் தட்டிருச்சுங்க ஆத்தா."

தட்டியதில் தப்பில்லை. அவன் அடுத்துச் சொன்னது இது. "போறதுக்கு முந்தின நாளு கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிப் பாஸ்வேர்டப் போட்டுட்டுப் போ. கண்டவன் கைய வெச்சுருவான்."

வடக்கே ஒரு மாவட்டத்தில் ஊர் ஊருக்குப் போர் போடுகிற டெண்டர் வந்திருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேருமே தனித்தனியாகக் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்பவேண்டும், வியாழக்கிழமை கடைசி நாள். சின்னண்ணனுடையதை மஞ்சுளாவே ஏற்றி முடித்துவிட்டாள். தனபாலுடையது பாக்கி. அந்த நாளில் இவள் லீவு என்றால் அவனுக்கு நெட் இல்லை. விஷயம் இவ்வளவுதான். அவள் ஆயுளிலேயே முதல்முறையாகச் சாமியானது இதற்குத்தான்.

மஞ்சுளாவுக்குப் புரிந்துவிட்டது. தன் லீவை வைத்து ஒருவன் கழுத்தை அறுக்க அவளுக்கு இஷ்டமில்லை. புதன்கிழமையே தனபால் பக்கம் போய்ச் சொன்னாள். "அண்ணா, நாளைக்கு நான் இருக்கமாட்டனுங்க. உங்க டெண்டர இன்னிக்கே ஏத்தீருங்க."

தனபால் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஓகோ, எங்கண்ணன் சொல்லி உட்டானா?"

"இல்லீங்கண்ணா, நானாத்தான் சொல்றனுங்க."

"இன்னிக்கு ஏத்துனா உன்ற கம்ப்யூட்டர் வழியாத்தானே போகும்? என்ற ரேட்டப் பாத்துப்போட்டு அவன் நாளைக்குக் கொறைச்சுப் போடுவான். என்னைய என்ன கேணையன்னு நெனச்சயா?"

"அது பூட்டிக்கிட்டுத்தானுங்க போகும். நடுவுல யாரும் தொறக்க முடியாதுங்க."

"நீ அவங்கிட்டச் சம்பளம் வாங்கறவ. நீ அப்புடித்தான் சொல்லுவ. கடைசி நாள்தான் ஏத்துவேன், போ."

நல்லது சொன்னவளுக்கு இந்த மரியாதை. அப்போதாவது அவள் எப்படியோ தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் வந்து, தன்னிடமிருந்த சாவியால் சின்னண்ணன் பக்கத்து ஷட்டரைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, ஒயரை மாட்டி, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுச் சேலம் பஸ் ஏறினாள். பின்னால் நான் கேட்டபோது, "ஒயரு மாட்டாமப் போயிருந்தா நாளைக்கு எல்லாம் என்ற தலைலதானுங்க விடியும்" என்றாள். மாட்டிவிட்டுப் போயும் அவள் தலையில்தான் விடிந்தது.

அன்றைக்கு எனக்குத் திருச்செங்கோட்டில் கண் ஆஸ்பத்திரி. சின்னண்ணன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு, வழியில் ஆபீசில் ஒரு நிமிஷம் என்று நிறுத்தினான். நானும் இறங்கிப் போனேன். ஷட்டரைத் தூக்கினான். கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் தனபாலின் ஆள், "பாதி ஏறிருச்சுங்க. இன்னும் சித்த நேரம்" என்று சொல்வது கேட்டது.

சின்னண்ணனின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "இது எதுக்கு எரியுது? அத்தை, இது எதுக்கு எரியுது?" என்று என்னைக் கேட்கிறான். எனக்கென்ன தெரியும்? குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். கோழிக்குடல் மாதிரி ஒயர்கள் கிடந்தன. எது தம்பிக்குப் போவது, எது கரண்ட், எது நெட் என்று அவனுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இன்னொருத்தியை விட்டுப் பிடுங்கியவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு கையாலும் அள்ளி மொத்தமாக ஓர் இழுப்பு இழுத்தான். டப்பென்று ஒரு சத்தம். கருகல் வாடை. யூ.பி.எஸ். ஒருமுறை கத்தி நின்றது.

"அய்யய்யோ, போச்சுங்க!" என்று அந்தப் பக்கம் ஆள் கத்தினான்.

தனபால் அவன் ஷட்டர் வழியாக வெளியே ஓடி, இந்த ஷட்டர் வழியாக உள்ளே வந்தான். "ஏன்ணா, புடுங்கிப்போட்டயா? நீயெல்லாம் ஒரு அண்ணனா? கூடப்பொறந்தவன் சோத்துல மண்ணப் போட்டயே!"

"நான் தொடவே இல்லடா. அத்தாயி புள்ள போகையில என்னமோ பண்ணீட்டுப் போயிருக்கறா" என்றான் சின்னண்ணன்.

இதைச் சொல்லும்போது ஒயர் அவன் கையில் இருந்தது. கொத்தாக, நுனி தொங்க, கையிலேயே இருந்தது. நான் பார்த்தேன், தனபால் பார்த்தான், பின்னால் வந்து நின்ற ஆளும் பார்த்தான். வெட்கம் என்று ஒன்று உடம்பில் இருந்தால் அதைக் கீழே போட்டுவிட்டாவது பொய் சொல்லியிருப்பான்.

கம்ப்யூட்டர் அதற்கப்புறம் உயிர்க்கவில்லை. அதில் இருந்த எழுத்து வேலையெல்லாம் போயிற்று. தனபால் டெண்டர் போகவில்லை. மறுநாள் திறந்து பார்த்ததில் சின்னண்ணனுக்கே கிடைத்தது. திருச்செங்கோட்டில் லாரி வைத்திருப்பவர்கள் அத்தனை பேர் வாயிலும் இதே பேச்சு, தம்பி ஒயரைப் பிடுங்கி டெண்டர் எடுத்தவன் என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் சின்னண்ணன் வீட்டில் கூடினார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள் வசந்தாமணி. டெண்டரில் கிடைத்த வேலையில் பாதியைத் தம்பி லாரிகளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சின்னண்ணன் சொன்னான். அவ்வளவுதான், தனபாலின் கோபம் சோற்றோடு இறங்கிவிட்டது. ஆனால் வசந்தாமணிக்கு வேறு கவலை. மகள் யுவஸ்ரீக்கு நாமக்கல்லில் ஒரு பெரிய லாரிக்காரர் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஊரெல்லாம் இவுருதான் புடுங்குனாருன்னு பேசிக்கறாங்க. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க காதுக்குப் போனா என்னங்க பண்றது?" என்றாள்.

"அந்தப் புள்ள மேல ஸ்டேசன்ல ஒரு எழுத்து எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சு போச்சு. கேட்டா கேஸு நடக்குதுன்னு சொல்லிக்கலாம்" என்றான் சின்னண்ணன்.

நான் தனபாலைக் கேட்டேன். "ஏஞ்சாமி, ஒயரு இவன் கையில இருந்ததை நீ பாக்கலையா?"

"பாத்தேன் அத்தை. அதுக்கு?" என்று அவன் கோழி எலும்பை வாயிலிருந்து எடுத்தான். "பங்காளி மேல கேஸு போட்டா ஊரு சிரிக்கும். அத்தாயி புள்ள மேல போட்டா யாரு கேக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு எலும்பைத் திரும்ப வாயில் வைத்து உறிஞ்சினான். சத்தம் வர உறிஞ்சினான். நான் பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு, அங்கிருந்தே பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அத்தாயி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "ஆத்தா, எம்புள்ளைய ஸ்டேசனுக்கு வரச்சொல்லிப் போலீசு வந்துட்டுப் போறாங்க. வேணும்னே மிசினக் கெடுத்துட்டாள்னு எழுதிக் குடுத்திருக்கறாங்களாமுங்க. கேஸு விழுந்தா அந்த வேலை கெடைக்காதாமா!"

உண்மைதான். நேர்காணல் நன்றாக நடந்திருந்தது. தேர்வானவர்கள் பட்டியல் மட்டும் வரவில்லை. கேஸ் உள்ள ஆளை எடுக்கமாட்டார்கள்.

மஞ்சுளா அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "கண்ணு, கலங்காத" என்றேன்.

"அதெல்லாம் காலைலயே அழுது முடிச்சுட்டனுங்க. இப்ப யாராச்சும் ஒருத்தரு நடந்ததைச் சொன்னாப் போதுமுங்க" என்றாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு பெண். வேலை மிகுதியில் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். சின்னண்ணனும் தனபாலும் முன்னாடியே வந்து ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தான்கள். பாகம் பிரித்த பிறகு இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க யாரும்மா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"இவுங்களுக்கு அத்தைங்க. இவுங்கப்பன் கூடப் பொறந்தவ."

"அப்ப இவங்களுக்காக வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. பாத்ததைச் சொல்ல வந்தனுங்க. ஒயரப் புடுங்குனது இந்தச் சின்னண்ணன். புடுங்கிக் கையிலயே வெச்சுக்கிட்டுத் தொடலைன்னான்."

சின்னண்ணன் எழுந்துவிட்டான். "மேடம், அத்தைக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க. அன்னைக்கே கண்ணாஸ்பத்திரிக்குத்தான் வந்துச்சு. என்ற கார்லதான் கூட்டியாந்தனுங்க."

"இப்பக்கூடக் காதுல சாவிய உட்டுக் கொடையறே. அது தெரியுதல்லோ?" என்றேன். அவன் கையைக் கீழே இறக்கினான். புகார் எழுதுகிற ரைட்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

எஸ்.ஐ. புகாரை எடுத்துப் படித்தார். தனபாலைப் பார்த்தார். "உங்க டெண்டர் பாதி ஏறும்போது நின்னுடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடியே மெஷினைக் கெடுத்துட்டுப் போயிருந்தா, பாதி எப்படி ஏறும்?"

தனபால் தரையைப் பார்த்தான். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

"அண்ணன் கையில ஒயர் இருந்ததா, இல்லையா?"

"நான் கவனிக்கலீங்க."

"உங்களுக்கும் கண்ணு ஆஸ்பத்திரி வேணுமா?" என்று எஸ்.ஐ. புகாரை மேசையில் போட்டார். "ஏங்க, இத்தனை லாரி வெச்சிருக்கீங்க. நடுவுல ஒரு ரூட்டர் பெட்டி வாங்கி வைக்க வக்கில்லையா உங்களுக்கு?"

சின்னண்ணன் பணிவாகச் சொன்னான். "அது பாத்தியப் பிரச்சினைங்க மேடம்."

எஸ்.ஐ. ரைட்டரைக் கூப்பிட்டு, புகாரை வாபஸ் வாங்குவதாக இரண்டு பேரிடமும் எழுதி வாங்கச் சொன்னார். இல்லையென்றால் பொய்ப் புகார் என்று இவர்கள் மேலேயே போடவேண்டி வரும் என்றார். உடனே எழுதிக் கொடுத்தான்கள். மஞ்சுளாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு? அது இவன்கள் பரம்பரையில் கிடையாது.

வெளியே வந்ததும் சின்னண்ணன் அவளைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நடந்தது நடந்து போச்சு. நாளைக்கு வேலைக்கு வந்துரு. வேற கம்ப்யூட்டரு வாங்கியாச்சு. ஒயரு மாட்ட ஆளில்லாம ரெண்டு பக்கமும் நின்னு கெடக்குது."

"ஒயருதான் உங்க கையில இருக்குதுங்களே, நீங்களே மாட்டிக்குங்க" என்றாள் மஞ்சுளா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அங்கே போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதும் குடித்தாள்.

பட்டியல் வர நாளாயிற்று. அதுவரை நூல் மில்லில் கோனில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். பெயர் வந்தது, உத்தரவும் வந்தது. இடம் தூரம் என்றார்கள், சரி என்றாள்.

யுவஸ்ரீ கல்யாணம் அந்த நாமக்கல் வீட்டிலேயே நடந்தது. ஒயரைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை லாரி என்று மட்டும் கேட்டார்களாம். அப்படியானால் ஓர் ஏழைப் பெண்ணின் வேலைக்கு உலை வைத்தது யாருக்காக? ஒருவருக்காகவும் இல்லை. நான் கல்யாணத்துக்குப் போனேன், தாலி கட்டியதைப் பார்த்தேன், சாப்பிடாமல் வந்துவிட்டேன். அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

மஞ்சுளா இப்போது தம்மம்பட்டிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறாள். மணிமாறன் அங்கேயே லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகள் கல்லூரிக்குப் போகிறாள். அத்தாயியும் அவர்களோடுதான் இருக்கிறாள்.